கழற்றிப் பூட்டிய டிஃபரன்ஷியலுக்கு அளவுச் சீட்டு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொப்பூர் கணவாயில் நிகழும் லாரி விபத்துகளைப் பற்றித் தங்கள் நாளிதழ் தொடர்ந்து எழுதி வருகிறது. சாலையின் சரிவு, மிகை வேகம், டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கும் வழக்கம், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது என்று எல்லாவற்றையும் தங்கள் செய்தியாளர்கள் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே வாகனங்கள் அடுத்தடுத்து மோதி உயிர்கள் பறிபோனதை இந்தப் பகுதி மக்கள் மறக்கவில்லை. அந்த விபத்துகளை இக்கடிதத்தின் பொருளோடு முடிச்சுப் போட நான் விரும்பவில்லை. ஆனால், பாரம் ஏற்றிய வண்டி ஒன்று கணவாயில் பத்திரமாக இறங்கிச் சேர்வதில் யாரும் அதிகம் பேசாத ஓர் உறுப்புக்கும் பங்கு இருக்கிறது. பின் அச்சின் நடுவே உருண்டையான கூட்டுக்குள் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் டிஃபரன்ஷியலைத்தான் சொல்கிறேன்.

அதைக் கழற்றிப் பழுது பார்த்துத் திரும்பப் பூட்டும்போது, அளந்து இறுக்காமல் கைக்கணக்கில் இறுக்கி அனுப்பும் வழக்கம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பட்டறைகள் பலவற்றில் இன்றும் நீடிக்கிறது. பின் அச்சு வேலையையே பிழைப்பாகக் கொண்டவன் என்ற முறையில் நான் கேட்பது ஒன்றுதான். எந்தப் பட்டறையில் டிஃபரன்ஷியலைத் திறந்து பூட்டினாலும், கூலிக்கும் உதிரிபாகத்துக்கும் பில் கொடுப்பதைப் போலவே, பூட்டும்போது அளந்த எண்களை எழுதிய சீட்டு ஒன்றையும் வண்டி உரிமையாளரிடம் கொடுக்க வேண்டும். அதை உரிமையாளர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த இரண்டு மாவட்டங்களுக்கு இது ஏன் மற்ற இடங்களைவிட அதிகமாகப் பொருந்தும் என்பதை இங்கே ஓடும் வண்டிகளைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். பர்கூர், ஜெகதேவிப் பக்கத்துக் கிரானைட் கற்கள், பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் வட்டாரத்திலிருந்து சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளிக் கிழங்கு, பாலக்கோட்டுச் சர்க்கரை ஆலைக்கு டிராக்டர் டிரெய்லர்களில் போகும் கரும்பு, மாம்பழப் பருவத்தில் இரவு பகல் பாராமல் கூழ் ஆலைகளுக்கு ஓடும் பிக்கப் வண்டிகள் என்று எல்லாமே எடை மிகுந்த சரக்குகள். சாலைகளோ சமதளம் அல்ல. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் போகும் வண்டி மேலுமலைக் கணவாயைத் தாண்டி ஏறியாக வேண்டும். தருமபுரியிலிருந்து சேலத்துக்குப் போகும் வண்டி தொப்பூரில் இறங்கியாக வேண்டும். போதாக்குறைக்கு, 2018 ஜூலையில் மத்திய அரசு சரக்கு வாகனங்களுக்கு அனுமதிக்கப்பட்ட அச்சு எடையை உயர்த்தியபோது, நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கான வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னானது. கூடுதலாக ஏற்றும் பாரத்தை ஏற்றத்தில் இழுத்துச் செல்லும் வேலை முழுவதும் பின் அச்சுக்குள் இருக்கும் இரண்டு பல்சக்கரங்களின் பற்கள் வழியாகத்தான் நடக்கிறது.

அந்த இரண்டும் வளையம் போன்ற பெரிய கிரவுனும் அதைச் சுற்றும் சிறிய பினியனும். இன்ஜினின் சுழற்சியை ஜாயின்ட் ஷாஃப்ட் கொண்டு வந்து பினியனிடம் கொடுக்கிறது. பினியன் கிரவுனைச் சுற்றுகிறது. கிரவுன் தன்னோடு பூட்டியிருக்கும் கூட்டைச் சுற்ற, அதற்குள் இருக்கும் சிறிய பல்சக்கரங்கள் வளைவுகளில் உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் சுற்றும்படி சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கின்றன. வண்டி மேடேறும்போது பற்களின் ஒரு பக்கம் அழுத்தம் தாங்குகிறது. கியரில் இறங்கும்போது சக்கரங்களே இன்ஜினைச் சுற்ற முயல்வதால் பற்களின் மறுபக்கம் அழுத்தம் தாங்குகிறது. அதோடு, மேடேறும்போது பினியனைக் கிரவுனிடமிருந்து வெளியே தள்ளும் விசை, கியரில் இறங்கும்போது திசை மாறி, பினியனைக் கிரவுனை நோக்கி உள்ளே இழுக்கிறது. பினியனைத் தாங்கும் இரண்டு கூம்பு பேரிங்குகளும் தளர்வு இல்லாமல் அளவாக இறுகியிருந்தால் இந்த விசை மாற்றத்தில் பினியன் இம்மியும் நகராது. தளர்ந்திருந்தால் ஒவ்வொரு முறை ஆக்சிலேட்டரை மிதித்து விடும்போதும் அது முன்னும் பின்னும் நகரும். பற்கள் நடுவில் பொருந்தாமல் ஓரத்தில் மோதும்.

ஆகவே, சரியாகப் பூட்டப்படாத டிஃபரன்ஷியல் சமவெளியில் ஓரளவு ஓடிவிட்டாலும் கணவாயில் தன் குறையைக் காட்டிவிடும். சேலம் வழியில் தொடர்ந்து ஓடும் ஓட்டுநர் ஒருவர் என்னிடம் சொன்னதை இங்கே சொல்ல வேண்டும். வேறோர் ஊரில் கிரவுன் மாற்றிய தம் வண்டி, கியரில் இறங்கும்போது மட்டும் ஊளையிடுவதைப் போலச் சத்தம் போட்டதாம். எங்கே பல் உடைந்துவிடுமோ என்ற அச்சத்தில் அவர் சரிவுகளில் நியூட்ரல் போட்டுப் பிரேக்கை நம்பி இறங்கத் தொடங்கியிருக்கிறார். நியூட்ரலில் இறங்காதீர்கள் என்று காவல் துறையும் போக்குவரத்துத் துறையும் பலகை வைத்துச் சொல்லும் இடத்தில், பட்டறையில் நேர்ந்த ஒரு குறை ஓட்டுநரை நியூட்ரலுக்குத் தள்ளியிருக்கிறது. நாங்கள் அந்தக் கூட்டைத் திறந்து பார்த்தபோது பினியன் நட்டைப் பூட்டியிருந்த ஊசியும் இருந்தது, நட்டும் கழன்றிருக்கவில்லை. ஆனால் ஜாயின்ட் ஷாஃப்ட்டைப் பினியனோடு இணைக்கும் ஃபிளாஞ்சைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் பினியன் அசைந்தது. பார்வைக்கு எல்லாம் இறுக்கமாகத் தெரிந்த வேலையில் பேரிங்குக்கு இருக்க வேண்டிய இறுக்கம் இல்லை.

இந்த இடத்தில்தான் நம் பட்டறைகளில் ஒரு குழப்பம் நிலவுகிறது. பினியன் பூட்டும்போது இரண்டு வெவ்வேறு முறுக்கு விசைகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, நட்டை இறுக்கும் விசை. அது நூற்றுக்கணக்கான நியூட்டன் மீட்டரில் இருக்கும். மற்றொன்று, இறுக்கிய பிறகு பினியனைச் சுற்றுவதற்குத் தேவைப்படும் மிகச் சிறிய விசை, அதாவது சுழல் இழுவை; சிறிய வண்டிகளில் அது ஒன்றிரண்டு நியூட்டன் மீட்டர் அளவே இருக்கும். பேரிங்கின் பிரீலோடு, அதாவது பூட்டும்போதே அதற்குக் கொடுத்து வைக்கும் இறுக்கம், சரியாக இருக்கிறதா என்பதைக் காட்டுவது இந்த இரண்டாவது எண்தான். நட்டை நன்றாக இறுக்கிவிட்டோம் என்பது பிரீலோடு சரியாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

பெரிய லாரிகளில் இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே இடைவெளியைக் காக்கும் கெட்டியான ஸ்பேசரும் ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகளும் இருக்கும். நட்டைக் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்கிவிட்டு, சுழல் இழுவை கூடுதலாகவோ குறைவாகவோ இருந்தால் ஷிம்மை மாற்றிச் சரிசெய்ய வேண்டும். ஜீப், பிக்கப் போன்ற வண்டிகள் பலவற்றில் அந்த இடத்தில் நசுங்கும் ஸ்லீவ் என்ற குழல் இருக்கும். நட்டை இறுக்க இறுக்க அது சிறிது சிறிதாக நசுங்கி, பேரிங்குகள் மெல்ல மெல்ல நெருங்கும். இதில் முதலில் நட்டு மிகுந்த எதிர்ப்புக் காட்டும். ஸ்லீவ் நசுங்கத் தொடங்கிய பிறகு நட்டைக் கால் திருகுகூடத் திருப்பாத நேரத்தில் சுழல் இழுவை சட்டென்று ஏறிவிடும். எனவே சிறிது இறுக்கி, பினியனைச் சில முறை சுற்றி உருளைகளை உட்கார வைத்து, அளந்து, மறுபடி சிறிது இறுக்கி, மறுபடி அளக்க வேண்டும். அளவைத் தாண்டிவிட்டால் நட்டைப் பின்னுக்குத் திருப்பிச் சரிசெய்வது கூடவே கூடாது. நசுங்கிய ஸ்லீவ் திரும்ப நீளாது. நட்டைத் தளர்த்தினால் பேரிங்கின் இறுக்கமும் நட்டின் பிடிப்பும் சேர்ந்தே போய்விடும். புதிய ஸ்லீவ் போட்டு முதலிலிருந்து தொடங்குவதுதான் முறை. மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் அந்த ஸ்லீவின் விலை ஒரு பொருட்டே அல்ல. இருந்தும் பழைய ஸ்லீவையே திரும்பப் போடுவதையும், தாண்டிப் போன நட்டைக் கால் சுற்று பின்னுக்கு எடுப்பதையும் நான் எத்தனையோ இடங்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

சுழல் இழுவையை அளக்கக் கருவி இல்லையே என்று சொல்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சாதாரண வில் தராசு ஒன்றும் சில முழக் கயிறும் போதும். ஆயில் சீல் போடுவதற்கு முன்பு, ஃபிளாஞ்சைச் சுற்றிக் கயிற்றைப் பல சுற்றுச் சுற்றி, முனையைத் தராசின் கொக்கியில் மாட்டி, ஒரே சீராக இழுக்க வேண்டும். பினியன் அசையத் தொடங்கும் நொடியில் தராசு காட்டும் எண்ணை விட்டுவிட்டு, அது சீராகச் சுழலும்போது காட்டும் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த எண்ணைக் கயிறு சுற்றிய இடத்தின் ஆரத்தால் பெருக்கினால் சுழல் இழுவை கிடைத்துவிடும். எடுத்துக்காட்டாக, அந்த வண்டிக்கான கையேடு 15 கிலோகிராம்–சென்டிமீட்டர் என்று சொல்லியிருந்து, ஃபிளாஞ்சின் ஆரம் 5 சென்டிமீட்டர் என்றால், தராசு 3 கிலோ காட்ட வேண்டும். புதிய பேரிங்குக்குச் சொல்லப்படும் அளவு ஒன்று. ஓடிப் பழகிய பேரிங்கையே திரும்பப் போட்டால் ஏறக்குறைய அதில் பாதி. அளவு குறைந்தால் பினியன் ஆடும். கூடினால் பேரிங் சூடேறி, உருளைகள் நீலம் பாய்ந்து, ஒரு கட்டத்தில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பாரத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் லாரியில் பினியன் இறுகிப் பிடித்தால் பின்சக்கரங்கள் சுழலாமல் நின்றுவிடும். அது நான்கு வழிச்சாலையின் சரிவில் நேர்ந்தால் என்னவாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, கிரவுனைக் கூட்டோடு பிணைக்கும் போல்ட்டுகள். இங்கேதான் ரெஞ்சின் கைப்பிடியில் இரும்புக் குழாயைச் சொருகி இறுக்கும் வழக்கம் அதிகம். கணக்கு எளிமையானது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் 1 மீட்டர் நீளக் குழாயின் முனையில் தன் முழு எடையையும் போட்டால் போல்ட்டின் மேல் விழும் முறுக்கு விசை 70 கிலோகிராம்–மீட்டர், அதாவது ஏறக்குறைய 686 நியூட்டன் மீட்டர். தலையில் 10.9 என்ற வலிமைத் தரம் பொறித்த 14 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 200 நியூட்டன் மீட்டரை ஒட்டியதுதான். மூன்று மடங்குக்கு மேல் இறுக்கினால் போல்ட் அங்கேயே அறுந்தாலும் அறுந்துவிடும். அப்படி அறுந்துவிட்டால்கூட நல்லதுதான், புதியது போட்டுவிடலாம். அறுந்துபோகாமல், தன் இழுவை எல்லையைத் தாண்டி நிரந்தரமாக நீண்டுவிட்ட போல்ட்டுதான் ஆபத்தானது. போல்ட் என்பது மிகக் கெட்டியான ஒரு வில். அளவாக இறுக்கும்போது அது மிகச் சிறிதளவு நீண்டு, திரும்பச் சுருங்க முயலும் அந்த இழுப்பால்தான் கிரவுனைக் கூட்டோடு அமுக்கிப் பிடிக்கிறது. எல்லை தாண்டி நீண்ட போல்ட்டை அதன்பின் நம்ப முடியாது. அது பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பிறகு தளரும் அல்லது அறும். அறுந்த தலை கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே மாட்டி, கூட்டையே உடைத்து வெளியே வந்த வண்டிகளும் உண்டு.

ஏர் கன்னால் இறுக்குவதும் இதே வகைப் பிழைதான். கன் வேகமாகப் பூட்டும். எவ்வளவு இறுக்கியது என்று சொல்லாது. கம்பிரசரில் காற்று நிறைந்திருக்கும்போது ஒரு மாதிரியும் குறைந்திருக்கும்போது வேறு மாதிரியும் இறுக்கும். கழற்றுவதற்கு அதைப் பயன்படுத்தட்டும். பூட்டுவதற்கு இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்தான் வேண்டும். அதிலும், எல்லாப் போல்ட்டையும் முதலில் பாதி அளவுக்கும் பிறகு முழு அளவுக்கும், எதிரெதிராக மாறி மாறி இறுக்க வேண்டும். வரிசையாக ஒரு பக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டே போனால் கிரவுன் சாய்ந்து உட்காரும்.

மரையின் சுத்தமும் இதில் அடங்கும். போல்ட்டை இறுக்க நாம் செலுத்தும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு போல்ட் தலைக்கு அடியிலும் மரையிலும் உள்ள உராய்விலேயே கரைந்துவிடுகிறது. மீதி ஒரு பங்குதான் பிடிப்பாக மாறுகிறது. ஆகவே துருவும் பழைய பசையும் ஒட்டிய மரையில் ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டினாலும் பிடிப்பு குறைந்திருக்கும். உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை எண்ணெய் பூசிய மரைக்குப் பயன்படுத்தினால் போல்ட் தேவைக்கு மேல் நீண்டுவிடும். உலர் மரையா, எண்ணெய் மரையா, பூட்டும் பசை போட வேண்டுமா என்பதைக் கையேட்டில் பார்த்துச் செய்ய வேண்டும். அலகையும் கவனிக்க வேண்டும். பழைய கையேடுகள் சிலவற்றில் அடி–பவுண்டிலும் சிலவற்றில் கிலோகிராம்–மீட்டரிலும் அளவு இருக்கும். 1 அடி–பவுண்டு என்பது 1.356 நியூட்டன் மீட்டர். 1 கிலோகிராம்–மீட்டர் என்பது ஏறக்குறைய 9.81 நியூட்டன் மீட்டர். அடி–பவுண்டில் உள்ள எண்ணை அப்படியே நியூட்டன் மீட்டர் ரெஞ்சில் வைத்து இறுக்கினால் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இறுக்கம் குறைந்துவிடும்.

பற்களின் பொருத்தத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரவுனின் சில பற்களில் மஞ்சள் அல்லது நீல மையைப் பூசி, கிரவுனை ஒரு மரக்கட்டையால் லேசாகத் தடுத்தபடி பினியனைச் சுற்றினால் பினியன் பல் பட்ட இடம் அச்சாகத் தெரியும். அச்சு பல்லின் உச்சியில் விழுந்தால் பினியன் தள்ளி நிற்கிறது. வேரில் விழுந்தால் மிக நெருங்கி நிற்கிறது. இரண்டையும் பினியன் ஷிம்மால் சரிசெய்ய வேண்டும். உள்முனையிலோ வெளிமுனையிலோ விழுந்தால் கிரவுனைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். பாரம் ஏறும்போது தொடர்பு வெளிமுனை நோக்கி விரியும் என்பதால், பாரமில்லாமல் பார்க்கும்போது அச்சு நடுவிலிருந்து சற்றே உள்முனைப் பக்கம் இருப்பது நல்லது. மேடேறும் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு இறங்கும் பக்கத்தைப் பார்க்காமல் விடுவது நம் ஊர்ச் சாலைகளுக்குப் பொருந்தவே பொருந்தாது. பற்களுக்கு இடையிலான பிளேயை, அதாவது இடைவெளியால் வரும் ஆட்டத்தை, நுண்ணளவு காட்டும் டயல் கேஜால் அளக்க வேண்டும். சிறிய வண்டிகளில் அது பெரும்பாலும் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்கும்; லாரிகளில் கூடுதல். கிரவுனின் மூன்று நான்கு இடங்களில் அளந்து, எண்கள் ஒன்றுக்கொன்று 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால், கிரவுனுக்கு அடியில் அழுக்கோ பிசிறோ இருந்து அது நேராக உட்காரவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்து, "கொஞ்சம் பிளே இருக்கு, சரியாயிடும்" என்று சொல்லும் அனுபவசாலிகளின் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் 0.10 மில்லிமீட்டருக்கும் 0.30 மில்லிமீட்டருக்கும் உள்ள வேறுபாட்டைக் கை நம்பத்தக்கபடி சொல்லாது.

கிரவுனும் பினியனும் ஆலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்துப் பழக்கப்பட்ட ஜோடி. இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். பழைய சாமான் கடையில் ஒரு வண்டியின் கிரவுனையும் வேறு வண்டியின் பினியனையும் வாங்கிச் சேர்த்தால் எந்த ஷிம்மும் எந்த டார்க்கும் அதைக் காப்பாற்றாது. எண்ணெயும் அப்படித்தான். பினியன் கிரவுனின் மையத்துக்குக் கீழே அமைந்த ஹைப்பாய்டு வகையில் பற்கள் உருள்வதோடு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவும் செய்வதால், அதிக அழுத்தம் தாங்கும் ஜி.எல்.–5 தர எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். கியர்பாக்ஸுக்கு வாங்கிய எண்ணெயில் மீந்ததை இதில் ஊற்றக் கூடாது. கூட்டின் மேலுள்ள சிறிய பிரீதர் அடைத்துப் போனால் சூட்டில் உள்ளே அழுத்தம் கூடி, எண்ணெய் சீலைத் தாண்டிச் சக்கரத்துக்குள் வந்து, பிரேக் லைனிங்கை நனைத்துவிடும் என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் செய்ய நேரம் இல்லை என்பதுதான் பட்டறைக்காரர்கள் சொல்லும் முதல் பதில். அதில் உண்மை இருக்கிறது. வண்டி நின்றால் தவணை நிற்காது, லோடு காத்திருக்கிறது, இன்று இரவே வண்டி வெளியே போக வேண்டும் என்று உரிமையாளர் வாசலிலேயே நிற்கிறார். கூலியைப் பேசும்போது நாள் கணக்கில் பேசுகிறாரே தவிர, எப்படி அளந்தீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்காதபோது, அளப்பவருக்கும் அளக்காதவருக்கும் ஒரே கூலி கிடைக்கிறது. இந்த நிலையை மாற்றத்தான் சீட்டு வேண்டும் என்கிறேன். எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்ற கட்டாயம் வந்தால் அளந்தே ஆக வேண்டும். நல்ல டார்க் ரெஞ்சும் டயல் கேஜும் வாங்குவதற்கு ஆகும் செலவு, பினியன் உடைந்து நெடுஞ்சாலையில் நிற்கும் பாரம் ஏற்றிய லாரியை இழுத்து வந்து சரிசெய்யும் செலவோடு ஒப்பிட்டால் பெரிதல்ல.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 62ஆம் விதிப்படி, சரக்கு வாகனங்கள் 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் அதற்குப் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்றை (எஃப்.சி.) புதுப்பிக்க வேண்டும். எஃப்.சி.க்கு வரும் வண்டியில் பிரேக்கும் விளக்கும் ஸ்டியரிங்கும் பார்க்கப்படுகின்றன. டிஃபரன்ஷியலைத் திறந்து பார்க்கச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால், சென்ற எஃப்.சி.க்குப் பிறகு பின் அச்சு வேலை நடந்திருந்தால் அதற்கான அளவுச் சீட்டைக் காட்டும்படி கேட்பது நடைமுறைக்கு ஒத்ததே. அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் இரண்டு ஆண்டு மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவிலும் ஓராண்டு டீசல் மெக்கானிக் பிரிவிலும் படித்து வெளிவரும் இளைஞர்கள் எங்கள் பட்டறைகளுக்குத்தான் வருகிறார்கள். ஆர்வமும் அறிவும் உள்ள பிள்ளைகள். ஆனால் டார்க் ரெஞ்சைப் படத்தில் பார்த்தவர்கள் அதிகம். அதைப் பிடித்து ஒரு முழுக் கிரவுனையும் இறுக்கிப் பார்த்தவர்கள் குறைவு. தருமபுரி, ஓசூர் உள்ளிட்ட ஊர்களின் தொழிற்பயிற்சி நிலையங்களில், ஏற்கெனவே பட்டறைகளில் வேலை செய்பவர்களுக்கும் இதற்கென மாலை நேரக் குறும்பயிற்சி ஒன்றை நடத்தினால், எழுதப் படிக்கத் தயங்கும் மூத்த மேஸ்திரிகளும் வந்து கற்றுக்கொள்வார்கள். அவர்களிடம் இருக்கும் காது அனுபவத்தை இளைஞர்களும் கற்றுக்கொள்வார்கள்.

டார்க் ரெஞ்சும் காலப்போக்கில் பொய் சொல்லத் தொடங்கும். ஆண்டுக்கு ஒரு முறையோ 5000 முறை இறுக்கிய பிறகோ, எது முன்னதாக வருகிறதோ அப்போது அதைச் சரிபார்க்க வேண்டும் என்பது சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட நடைமுறை. வேலை முடிந்ததும் அளவைக் கீழ் எண்ணுக்கு இறக்கி வைக்க வேண்டும்; துருப்பிடித்த நட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்தவே கூடாது. கனரக வாகனங்களையே உருவாக்கும் ஆலைகள் ஓசூரில் இருக்கின்றன. அவற்றில் ஒவ்வொரு முக்கியப் போல்ட்டும் அளந்துதான் இறுக்கப்படுகிறது. அந்த ஆலைகளின் அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்று தரும் ஆய்வகங்களும் அங்கே உண்டு. நம் மாவட்டத்தில் அளந்து பூட்டி வெளிவரும் அச்சு, அதே மாவட்டத்தின் பட்டறையில் குழாய் போட்டுப் பூட்டப்படுவது மனத்துக்கு ஒவ்வவில்லை. சிறு பட்டறைகள் தனித்தனியாக ஓசூருக்கு ரெஞ்சை எடுத்துப் போவது சிரமம். மாவட்டத் தொழில் மையம் ஆண்டுக்கு ஒரு முறை தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் முகாம் நடத்தி, பட்டறைகளின் ரெஞ்சுகளை ஒரே நாளில் சோதித்துத் தர ஏற்பாடு செய்யலாம். லாரி உரிமையாளர்கள் சங்கங்களும் அதற்கு உதவலாம்.

சீட்டு பெரிய ஆவணமாக இருக்க வேண்டியதில்லை. அரைப் பக்கம் போதும். வண்டி எண், வேலை நடந்த தேதி, அப்போதைய கிலோமீட்டர், கிரவுன்–பினியன் ஜோடி எண், பேரிங் புதியதா பழையதா, பினியன் நட்டின் இறுக்க விசை, அளந்த சுழல் இழுவை, கிரவுன் போல்ட்டின் விசை, நான்கு இடங்களில் எடுத்த பிளே அளவு, ஊற்றிய எண்ணெயின் தரம், வேலை செய்தவரின் கையெழுத்து ஆகியவை இருந்தால் போதும். மை பூசிய பற்களைக் கைப்பேசியில் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது. அடுத்த முறை திறப்பவருக்கு அந்தப் படம் மிகவும் உதவும். அதே சீட்டின் கீழே, புதிய கிரவுன் போட்ட வண்டியின் எண்ணெயை எத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு முதல் முறை மாற்ற வேண்டும், சக்கர நட்டுகளையும் அச்சைப் பட்டை வில்லோடு பிணைக்கும் யு–போல்ட்டுகளையும் பாரத்தோடு சிறிது தூரம் ஓடிய பிறகு எப்போது வந்து மறுபடி இறுக்கிக்கொள்ள வேண்டும் என்பதையும் எழுதிவிடலாம். சக்கரத்தைக் கழற்றிப் பூட்டிய வண்டி 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் திரும்ப வந்து நட்டுகளை அளந்து இறுக்கிக்கொள்ள வேண்டும் என்பதை வண்டி உரிமையாளர்களில் பலர் அலட்சியம் செய்கிறார்கள். எழுத்தில் இருந்தால் ஓட்டுநராவது நினைவுபடுத்துவார்.

எங்கள் பட்டறையில் இப்படிப்பட்ட சீட்டைக் கொடுக்கத் தொடங்கிவிட்டோம். மாம்பழப் பருவம் தொடங்கி வண்டிகள் ஓய்வில்லாமல் ஓடுவதற்கு முன்பே மற்றப் பட்டறைகளும் இதைத் தொடங்க வேண்டும் என்று விரும்புகிறேன். சீட்டின் மாதிரிப் படிவத்தை வேண்டுவோருக்குக் கட்டணம் எதுவுமின்றிக் கொடுக்கவும், தராசும் கயிறும் வைத்துச் சுழல் இழுவையை அளப்பது எப்படி என்று நேரில் செய்து காட்டவும் ஆயத்தமாக இருக்கிறேன். தங்கள் நாளிதழ் இக்கடிதத்தை வெளியிட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களின் கருத்தையும் தொழிற்பயிற்சி நிலையங்களின் கருத்தையும் கேட்டுப் பதிப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பின் அச்சுப் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.